கீழே ஓடுற எழுத்து

"ஏம்மா, இது தியேட்டரா, பள்ளிக்கூடமா? வாயை மூடிக்கிட்டுப் படம் பார்க்க மாட்டியா?"

முன் வரிசையில் இருந்த பெண்ணைப் பார்த்துச் சீறினாள் டீச்சர். பத்து வயசு இருக்கும். படம் ஆரம்பித்ததிலிருந்து பக்கத்தில் இருந்த அப்பா காதில் தொணதொணவென்று ஒரே பேச்சு. காசு கொடுத்து டிக்கெட் எடுத்தது படம் பார்க்கவா, இவள் பேச்சைக் கேட்கவா?

அப்பா திரும்பினார். இருட்டிலும் கறுப்புக் கண்ணாடி.

"மன்னிச்சுக்குங்கம்மா. எனக்குக் கண்ணு தெரியாது. படமும் வெளிநாட்டுப் படம். கீழே ஓடுற எழுத்தை இவதான் வாசிச்சுச் சொல்றா."

டீச்சருக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. "ஐயோ, தெரியாதுங்க. நீ வாசிம்மா, வாசி."

திரையில் போர். ஒரு குட்டிப் பெண் தப்பி ஓடி, பாழுங்கிணற்றுக்குள் இறங்குகிறாள். உள்ளே பூதங்கள், தேவதைகள், வேறு உலகம். மேலே சிப்பாய்கள் ஊர்க்காரர்களை வரிசையாக நிறுத்துகிறார்கள்.

'ஒருத்தரையும் விடாதே, சுடு' என்று எழுத்து ஓடியது.

"ராஜா எல்லாரையும் விருந்துக்குக் கூப்பிடுறாருப்பா" என்றாள் பெண்.

"அது என்னம்மா சத்தம்?"

"பட்டாசுப்பா. கல்யாணம் நடக்குதுல்ல."

டீச்சர் எட்டிப் பார்த்தாள். அந்தப் பிள்ளை இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டிருந்தது!

அடிப்பாவி! வாயில் வந்ததையெல்லாம் அளக்கிறாளே! கண் தெரியாத அப்பாவிடமே பொய்யா? இருபது வருஷமாகப் பொய் சொன்ன பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றியவள் டீச்சர். இதை எப்படிப் பொறுப்பாள்?

படம் முடிந்தது. வெளியே வந்ததும் பெண் பாத்ரூமுக்குப் போனாள். டீச்சர் நேராக அப்பாவிடம் போனாள்.

"சொல்லாம இருக்க முடியல சார். உங்க பொண்ணு சொன்னது அத்தனையும் பச்சைப் பொய். கல்யாணமும் இல்ல, விருந்தும் இல்ல. கொலையும் சித்திரவதையும்தான். அவ கண்ணையே திறக்கல."

"தெரியும்மா."

"தெரியுமா? எப்படி?"

"அந்த பாஷை எனக்கு நல்லாத் தெரியும். போர் சமயத்துல அந்த நாட்டு ஜெயில்லதான் மூணு வருஷம் இருந்தேன். கண்ணு போனதும் அங்கதான்."

கடைக்குப் போய் வந்த கதையைச் சொல்வதுபோல் சொன்னார்.

"அப்புறம் ஏன் சார் உட்கார்ந்திருந்தீங்க?"

"போஸ்டர்ல தேவதை இருக்குன்னு ஆசை ஆசையா என்னைக் கூட்டிட்டு வந்தா. வெடிச் சத்தம் கேட்டா எனக்கு உடம்பெல்லாம் உதறும், அவளுக்குத் தெரியும். முதல் வெடிக்கே எழுந்திருக்கப் பார்த்தேன். கையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு, 'பட்டாசுப்பா'ன்னா. நான் எழுந்து போயிருந்தா, தன்னாலதான் அப்பாவுக்கு இப்படி ஆச்சுன்னு நாள் முழுக்க அழுதிருப்பா."

"அப்ப ரெண்டு மணி நேரமும்..."

"வார்த்தைக்கு வார்த்தை கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்."

ஓடி வரும் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் அவசரமாகக் குரலைத் தாழ்த்தினார்.

"தயவுசெஞ்சு அவகிட்ட சொல்லிடாதீங்கம்மா. அப்பாவைக் காப்பாத்திட்டோம்னு சந்தோஷமா வர்றா."