முதுகில் பட்ட குண்டு

“புகார் கொடுங்க கேப்டன்! நடுவர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும்!”

வக்கீல் கூடாரத்துக்குள் தாம்தூம் என்று குதித்துக்கொண்டிருந்தான். பிழைப்புக்கு ஏ.சி. ரிப்பேர் பார்க்கிறவன்தான், எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் அணியில் அவனுக்கு அந்தப் பெயர்.

கேப்டன் பெஞ்சில் உட்கார்ந்து துப்பாக்கியிலிருந்து காற்று சிலிண்டரைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

பெயிண்ட்பால் இறுதிப் போட்டி அப்போதுதான் முடிந்திருந்தது. கடைசி ஆட்டம்வரை இரண்டு அணியும் சரிக்குச் சரி. இந்த விளையாட்டில் குண்டு உடைந்து மேலே பெயிண்ட் பட்டுவிட்டால், யார் சுட்டதானாலும் சரி, கையைத் தூக்கிக்கொண்டு வெளியேறிவிட வேண்டும். எதிரணியின் மணியை அடித்தால் வெற்றி. கேப்டனின் தம்பி அந்த மணிக்குப் பக்கத்திலேயே போய்விட்டான். கையை நீட்ட வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து அவன் முதுகில் ஒரு குண்டு உடைந்தது. அத்தோடு கோப்பையும் போயிற்று, அடுத்த வருடம் தொழில்முறை லீகில் ஆடும் இடமும் போயிற்று.

அந்த இடத்தை நம்பித்தான் தம்பி குடோன் வேலையை விட்டிருந்தான். “இனிமே மாசச் சம்பளத்துக்கு விளையாடப் போறேம்மா” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டும் வந்திருந்தான். இப்போது மூலையில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். பார்க்கவே பாவமாக இருந்தது.

“யோசிச்சுப் பாருங்க” என்றான் வக்கீல். “இவன் போன ஓரத்துல பின்னால இருந்த அவங்க ஆளுங்களை நானே சுட்டு அவுட்டாக்கிட்டுத்தான் வெளிய வந்தேன். மிச்சம் இருந்தவங்க எல்லாம் இவனுக்கு எதிர்ல. அடி பட்டது முதுகுல. அப்போ என்ன அர்த்தம்? நான் சுட்டவன்ல எவனோ பெயிண்டைத் துடைச்சுக்கிட்டு, வெளிய போகாமப் பதுங்கியிருந்து சுட்டிருக்கான். பச்சை அயோக்கியத்தனம்! எல்லாருக்கும் ஒரே மஞ்சள் பெயிண்ட், கலரை வெச்சுக் கண்டுபிடிக்க முடியாது. ஆனா வீடியோ இருக்குல்ல? போட்டுப் பார்க்கட்டும். துடைச்சது தெரிஞ்சா அவன் ஆயுசுக்கும் மைதானத்தை மிதிக்க முடியாது!”

“வேண்டாம்” என்றாள் கேப்டன்.

“ஏன் வேண்டாம்?”

“தோத்துட்டோம். மூட்டையைக் கட்டுங்க.”

தலைமை நடுவர் கூடாரத்துக்குள் தலையை நீட்டினார். “பரிசு கொடுக்கப் போறோம். புகார் ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடணும். கேப்டன்தான் சொல்லணும், மத்தவங்க சொன்னா நான் எடுத்துக்க முடியாது.”

எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

“ஒண்ணும் இல்லைங்க சார்.”

“நல்லா யோசிச்சுக்கங்கம்மா. அப்புறம் வந்து கேட்டா நடக்காது.”

“யோசிச்சுட்டேன் சார்.”

அவர் போனதும் வக்கீல் மாஸ்க்கைத் தரையில் ஓங்கி அடித்தான். “இத்தனை வருஷ உழைப்பைக் கொண்டுபோய்ச் சாக்கடையில கொட்டிட்டீங்களே! உங்களுக்கு என்னதான் வந்துச்சு?”

“எனக்குத் தெரியும்” என்று தம்பி தலையைத் தூக்கினான். “போன வாரம் அவங்க டீம்ல இருந்து அக்காவுக்குப் போன் வந்துச்சு. அடுத்த வருஷம் எங்ககூட வந்துடுங்கன்னு.”

அந்த விஷயத்தை அவள் தம்பியிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள். ‘உன்னை விட்டுட்டு நான் எங்கடா போவேன், முடியாதுன்னு சொல்லிட்டேன்’ என்றும் சேர்த்துத்தான் சொன்னாள். பயல் அந்தப் பாதியை அப்படியே விழுங்கிவிட்டான்.

“உண்மையா கேப்டன்?” என்றான் வக்கீல்.

“போன் வந்தது உண்மைதான்.”

“அப்படிப் போடு! கூடவே இருந்து குழி பறிச்சிருக்கீங்க.”

“நாளையிலிருந்து வேற கேப்டனைப் பார்த்துக்குங்க” என்றாள். ஒப்புக்குக்கூட ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒவ்வொருவராய்ப் பையைத் தூக்கிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் வெளியேறினார்கள்.

அக்காவும் தம்பியும் மட்டும் மிஞ்சினார்கள். வெளியே எதிரணிக்குக் கைதட்டல் கேட்டது.

“ஒரே வண்டியில வந்து தொலைச்சிட்டோம். இல்லைன்னா உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்” என்றான் தம்பி. “அம்மாகிட்ட நீயே சொல்லிக்க. ஒரு புகார் கொடுக்கிறதுல உனக்கு என்ன கேடு?”

“புகார் கொடுத்தா வீடியோ போடுவாங்கடா.”

தம்பி சட்டென்று நிமிர்ந்தான். “போட்டா என்ன?”

“கடைசித் தடுப்பைத் தாண்டும்போது உன் தொடையில ஒரு குண்டு உடைஞ்சுது. ஓடிக்கிட்டே கையுறையால துடைச்சே. நடுவர் பார்க்கலை. நான் பார்த்தேன்.”

அவன் முகம் செத்துப்போயிற்று.

“கையைத் தூக்கிடுவே, தூக்கிடுவேன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். நீ மணிகிட்டயே போயிட்டே.” அவள் துப்பாக்கியைப் பைக்குள் வைத்தாள். “அப்படி ஜெயிச்ச கோப்பையை என்னால தொட முடியாதுடா.”

“அப்போ... என் முதுகுல சுட்டது?”

“வக்கீல் சுட்டவங்க எல்லாரும் ஒழுங்கா கையைத் தூக்கிக்கிட்டு வெளிய போயிட்டாங்க” என்றாள் அவள். “உனக்குப் பின்னால நான் ஒருத்திதான் இருந்தேன்.”