நான்கு வளையங்கள்

காலை பத்தேகாலுக்கு வெள்ளைக்கார டீச்சர் ஜீப்பிலிருந்து இறங்கியபோது, மாசிலாமணி சார் கடைசி பெஞ்சின் உடைந்த காலுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். சட்டையெல்லாம் செங்கல் பொடி. தட்டிவிட நேரமில்லை.

"சார், அந்தம்மா வந்துட்டாங்க" என்றான் மக்பூல். "பெஞ்சு நிக்குது. நீங்க எழுந்து நில்லுங்க."

வகுப்பு சிரித்தது. அவருக்குக் காது சுட்டது.

வந்தவர் பெயர் ஐனோ. பின்லாந்தில் ஒரு பள்ளி ஆசிரியை. அந்தப் பள்ளிப் பிள்ளைகள் கோடையில் உள்ளான் என்னும் சிறு பறவைகளைப் பிடித்து, காலில் எண் பொறித்த வளையம் மாட்டிப் பறக்கவிடுவார்கள். குளிர்காலத்தில் அவை பழவேற்காடு ஏரிச் சேற்றுக்கு வரும்.

ஐந்து நாட்டுப் பள்ளிகள் இதில் கூட்டு; மாசிலாமணியின் பழவேற்காட்டுப் பள்ளியும் அதில் ஒன்று. எங்கே வளையம் கிடைத்தாலும் அனுப்பிவைக்க வேண்டும். பறவைகளைக் காப்பாற்ற அந்தக் கணக்கு உதவும் என்பது ஏற்பாடு.

எந்த ஊரில் எத்தனை வளையம் கிடைத்தது என்று வருடம் ஒருமுறை பட்டியல் வரும். எண்பத்தொன்றில் பழவேற்காட்டுக்கு நேரே பூஜ்யம். எண்பத்திரண்டிலும் பூஜ்யம்.

தலைமை ஆசிரியர் அப்துல் ஹை பட்டியலை மேசைமேல் போட்டார். "இன்னா சார், பறவை நம்ம ஊருக்கு வருது, பேரு மட்டும் வேற ஊருக்குப் போவுது?"

மாசிலாமணி அந்தத் தாளை மடித்து இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். அன்று மீஞ்சூர் வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பட்டியலோடு வந்த கடிதம் இரண்டு பக்கம். நீளமான ஆங்கிலத்தைக் கண்டால் அவருக்கு வியர்க்கும். இன்னொருவரிடம் கேட்கவும் வெட்கம். கரையில் இறந்துகிடக்கும் பறவைகளின் காலைப் பாருங்கள் என்று ஒரு பத்தி முழுக்க எழுதியிருந்தது. வகுப்பில் சுருக்கிச் சொன்னார்.

"வளையம் வேணுமாம். கொண்டாங்க. என் மானத்தைக் காப்பாத்துங்க."

அடுத்த பருவத்தில் உள்ளான்கள் இறங்கிய வாரமே ஒன்று வந்தது. தை பிறப்பதற்குள் நான்கு. ஐந்து நாடுகளில் வேறு எந்தப் பள்ளியும் நான்கு அனுப்பியதில்லை. ஐனோ ஒரு பைனாகுலரைப் பரிசாக எடுத்துக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டார்.

அவர் முதலில் ஒரு புகைப்படத்தைக் காட்டினார். சிவப்புத் தொப்பி போட்ட சிறுமி. அவள் கைக்குள் ஓர் உள்ளான்.

"நீங்கள் அனுப்பிய இரண்டாவது வளையம் இவள் மாட்டியது" என்றார் ஆங்கிலத்தில். "பறவை இறந்துவிட்டது என்றதும் அழுதாள். அதற்கு வயதாகியிருக்கும் என்றேன். அவ்வளவு தூரத்தில் யாரோ குனிந்து அதைக் கையில் எடுத்தார்களே என்று பிறகு சமாதானமானாள்."

மாசிலாமணி தமிழில் சொன்னார்: "உங்களுக்கு நன்றி சொல்றாங்க."

"அவ்ளோ நேரம் பேசினாங்க, இவ்ளோதானா சார்?" என்றான் மக்பூல்.

"ஒக்காருடா."

வளையங்களை யார் எடுத்தது என்று ஐனோ கேட்டதை மாசிலாமணி தமிழில் சொன்னார்.

"நாலும் அங்காளம்மாளுது சார்" என்றான் மக்பூல், பக்கத்து பெஞ்சுப் பெண்ணைக் காட்டி. "இவ நைனா ஊரையே ஏரியில எறக்கிட்டாரு."

நைனா என்றது அவளுடைய அப்பா குப்பனை. இறால் பிடிப்பவர். மாசிலாமணி அவரைப் பார்த்ததில்லை. ஏரிக்கரைக்கே மாசிலாமணி போனதில்லை. வேட்டியில் சேறு ஒட்டும்.

"ஊரே இறங்கித் தேடியது" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

ஐனோவின் கண் கலங்கியது. சட்டென்று ஒரு நோட்டைத் திறந்துகொண்டார். "இனி பிள்ளைகள் என்ன சொன்னாலும் அப்படியே எனக்குச் சொல்லுங்கள். சுருக்க வேண்டாம். என் வகுப்பில் படித்துக்காட்ட வேண்டும்."

சுருக்க வேண்டாம் என்றது மாசிலாமணிக்குத் தைத்தது. தன் ஆங்கிலத்தைக் கண்டுகொண்டார் என்று நினைத்தார். வாசலில் அப்துல் ஹை வேறு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த வருடம் இருபது வளையம் அனுப்புகிறோம்" என்றார், தப்பில்லாத ஆங்கிலத்தில்.

ஐனோவின் பேனா நின்றது. "இருபதா? அவ்வளவு எப்படிக் கிடைக்கும்?"

நம்பவில்லை. மாசிலாமணிக்கு மறுபடி காது சுட்டது. பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

"இன்னா, வாய மூடிக்கினு இருக்கீங்க? இருபது முடியுமானு கேக்குறாங்க. நம்ம ஊரு மானம் போவுது. யாராவது சொல்லுங்க."

மக்பூல்கூடத் தலையைக் குனிந்துகொண்டான்.

அங்காளம்மாள் எழுந்து நின்றாள். உதடு அசைய, விரல் விட்டு எதையோ எண்ணினாள். கணக்கு வரவில்லை. ஐனோ பேனாவை நோட்டில் வைத்தபடி அவள் வாயைப் பார்த்தார்.

"நாலு வளையத்துக்கே நைனா முந்நூறு உள்ளான் கழுத்தைத் திருகினாரு சார். இருபதுக்கு எத்தினி திருகணும்?"