ஹெப்சியின் முழுப் பெயர்

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்த நெல்வின், தான் எழுதிய புதிய இணையப் பக்கத்தை பர்சனல் மேனேஜர் சாந்தகுமாரிடம் காட்டிக்கொண்டிருந்தான். ஊழியரின் எண்ணை அடித்தால், கம்பெனியின் டைரக்டரியிலிருந்து பெயரையும் பிரிவையும் எடுத்துக் காட்டும்.

அவன் மனம் மட்டும் அங்கே இல்லை. சாந்தகுமாரின் மகள் ஹெப்சியும் அதே கம்பெனியில்தான் வேலை பார்த்தாள். அவளைப் பெண் கேட்டு அவன் அம்மா போய் வந்து இரண்டு வாரமாகியும் பதில் வரவில்லை.

“எங்க ஹெப்சி நம்பரைப் போடு.”

போட்டான். ‘ஹெப்சி நெல்வின், டிசைன் பிரிவு’ என்று வந்தது.

“இன்னாப்பா இது? ஹெப்சி சாந்தகுமார்னுதானே வரணும்? உன் புரோகிராம் என் பொண்ணு பேரையே மாத்திடுச்சா?”

நெல்வின் எண்ணை மறுபடி அடித்துப் பார்த்தான்; அதே பெயர்தான் வந்தது. “இல்ல சார், புரோகிராமுக்குப் படிக்க மட்டும்தான் தெரியும். டைரக்டரியிலேயே யாரோ மாத்தியிருக்காங்க. சத்தியமா நான் இல்ல சார்!”

“நீ எப்படி மாத்துவ? டைரக்டரியை மாத்துற பாஸ்வேர்டு என்கிட்ட மட்டும்தானே இருக்கு?” சாந்தகுமார் வாய்விட்டுச் சிரித்தார். “காலையில நான்தான் மாத்தினேன். சாயந்திரம் அம்மாவைக் கூட்டிக்கினு வீட்டுக்கு வாங்க மாப்ள, தேதி குறிச்சிடலாம்.”

“ஹெப்சிக்கு... தெரியுமா சார்?”

“உங்க பேர்ல எழுத்துப்பிழை இருக்குதான்னு பாத்ததே அவதான்!”