லாசரஸின் முடி

“விக் வெச்சுக் குதிச்சா ஆள் ஒரு பக்கம் மிதப்பான், விக் ஒரு பக்கம் மிதக்கும்யா! நீ எதுக்கு முடியைக் குடுத்தே?”

இயக்குநர் போட்ட சத்தத்தில், ஆற்றங்கரைக் கட்டடத்தின் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்த தையல்காரர் நூருல் அமீன் துணி மூட்டையோடு அப்படியே நின்றுவிட்டார்.

“குடுக்கலைன்னா பாயலேபார் ஏர்போர்ட்லேருந்தே மெட்ராஸுக்குத் திரும்பியிருக்கணும் சார்,” என்றார் சண்டைக் கலைஞர் லாசரஸ். நேற்றுவரை தோளில் புரண்ட முடியைக் காணோம். “ஆம்பளை முடி காலரைத் தொட்டா இந்த ஊருக்குள்ள விடமாட்டாங்களாம்.”

அது 1974, சிங்கப்பூர். நீள முடிக்காரர்களைக் கடைசியில்தான் கவனிப்போம் என்று தபால் நிலையத்தில்கூட ஒட்டி வைத்திருந்த காலம். கதாநாயகன் அலெக்சாண்டரின் முடி மட்டும் தப்பித்துவிட்டது. அது விக், பெட்டிக்குள் படுத்தபடி வந்து இறங்கியிருந்தது.

“ஆத்துல ஷூட்டிங் பண்ண அஞ்சு மணி வரைக்கும்தான் பெர்மிட். டூப் இல்லாம பாலத்துலேருந்து யாரு குதிக்கிறது?” இயக்குநர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

டூப்! நூருல் அமீன் கணக்குப் போட்டுப் பார்த்தார். தோள்வரை முடி வேண்டுமென்றால் அது வேறு யாருக்கு? கதாநாயகி அருள்ஜோதிக்குத்தான். படத்துக்குப் படம் வில்லன்களைத் தூக்கிப்போட்டு மிதிக்கிறவள். “எனக்கு டூப்பே கிடையாது” என்று பேட்டிக்குப் பேட்டி சொல்கிறவள்.

அதை நம்பித்தான் மகள் ஜரீனாவைச் சமூக நிலையத்து ஜூடோ வகுப்பில் அவர் சேர்த்திருந்தார். “சினிமாவுல சண்டை போடுறதெல்லாம் டூப்புங்க. இதை நம்பிப் பொண்ணை அனுப்புறீங்களே” என்று மனைவி சம்சுன்னிசா தினமும் பாட்டுப் பாடினாள். “நேர்ல வந்து பாரு லா! அந்தம்மா குதிக்கலைன்னா ஜரீனாவை நானே நிறுத்திடுறேன்” என்று வீராப்புப் பேசி, தாயையும் மகளையும் இன்று ஆற்றங்கரைக்குக் கூட்டி வந்திருந்தார். இருவரும் கீழே, கூட்டத்தைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றுக்குப் பக்கத்தில் காத்திருந்தார்கள்.

மாடி அறைக்குள்ளே அருள்ஜோதி ஈர முடியைத் துவட்டிக்கொண்டிருந்தாள். அறை முழுக்க டெட்டால் வாடை.

“வாங்க பாய். உடுப்பெல்லாம் ரெடியா?”

“ரெடிம்மா. ஹீரோவுக்கு ரெண்டு கட்டம்போட்ட சட்டை, உங்களுக்கு இன்னும் ரெண்டு கறுப்புச் சட்டை.” அதற்குமேல் அவரால் அடக்க முடியவில்லை. “அம்மா, தப்பா நினைக்காதீங்க. லாசரஸ் எத்தனை படத்துல குதிச்சிருக்காரு?”

“பதினோரு படம். நல்ல தொழில்காரர்.”

“டூப்பே கிடையாதுன்னு சொன்னீங்களேம்மா?”

“சொன்னேன். இப்பவும் அதையேதான் சொல்றேன்.”

நூருல் அமீன் ஜூடோ, மகள், மனைவியிடம் பேசிய பேச்சு எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். அருள்ஜோதி துண்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

“உங்க பொண்ணு நல்லாச் செய்யுதா?”

“போன மாசம் ஒரு பையனைக் கீழே போட்டுடுச்சும்மா.”

“அப்ப எதுக்கு நிறுத்தணும்? சினிமாவுல சிலதை வெளியில சொல்லக் கூடாது பாய், அதனால ஒண்ணும் கேக்காதீங்க. லாசரஸுக்கு முடி போச்சுன்னு படத்தை நிறுத்த முடியுமா? இன்னைக்கு நான் குதிக்கிறேன். பொத்தானெல்லாம் கெட்டியாத் தைச்சிருக்கீங்கல்ல?”

மூட்டையை அப்படியே வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

நூருல் அமீன் கீழே ஓடினார். அந்த நாளில் சிங்கப்பூர் ஆறு எண்ணெயும் குப்பையுமாகக் கறுத்துக் கிடந்தது. மூக்கைப் பொத்தாமல் கரையில் நிற்க முடியாது. இதில் போய், இதுவரை குதித்தே பழகாத பெண் குதிப்பதா? தன் புலம்பலைக் கேட்டுத்தான் ரோஷத்தில் கிளம்பிவிட்டாளோ என்று அவர் பதறினார்.

“ஆக்‌ஷன்!”

பாலத்துக் கைப்பிடியில் ஏறி நின்ற உருவம் எதிர்வெயிலில் நிழலாகத்தான் தெரிந்தது. ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. கையை விரித்துப் பாய்ந்து, தொப்பென்று ஆற்றில் விழுந்து, பத்து எண்ணுவதற்குள் எழும்பிப் படகைப் பிடித்துக்கொண்டது.

“யா அல்லாஹ்!” நூருல் அமீன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “பாத்தியா சம்சு? குதிச்சுட்டாங்க!”

ஆனால் கூட்டமோ, “அலெக்சாண்டர்! அலெக்சாண்டர்!” என்று விசிலடித்தது.

“நல்லாப் பாருங்க, கட்டம்போட்ட சட்டை,” என்றாள் சம்சுன்னிசா. “கடைசியில ஆம்பளைதானே குதிச்சான்? வா ஜரீனா, உன் ஜூடோ இன்னையோட சரி.”

அது அவரே நாற்பத்திரண்டு அங்குல மார்புக்குத் தைத்த சட்டைதான். படகில் நின்ற உடம்பில் அது தொளதொளவென்று தொங்கியது. குழம்பிப்போய்த் திரும்பியவர், கயிற்றுக்கு உள்ளே ஒரு பெரிய குடைக்குப் பின்னால் இன்னொரு கட்டம்போட்ட சட்டையைப் பார்த்தார். நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த அலெக்சாண்டரின் விக் மீது, அடுத்த ஷாட்டுக்காக லாசரஸ் குழாய்த் தண்ணீரைக் குவளை குவளையாக ஊற்றிக்கொண்டிருந்தார்.

“சத்தம் போடாதீங்க பாய்,” என்று கிசுகிசுத்தார் லாசரஸ். “அம்மா தன்னோட ஷாட்டைக் காலையில ஏழு மணிக்கே குதிச்சு முடிச்சுட்டாங்க. நான் பதினோரு படமா டூப் போட்டது அம்மாவுக்கு இல்லை, இந்த ஹீரோ சாருக்கு. இன்னைக்கு அதையும் அவங்கதான் போட்டாங்க.”