வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு

சமையல் எரிவாயு கசிந்தால் காட்டிக்கொடுக்க, காரைக்குடி ஆய்வுக்கூடத்தில் அமீர் ஹம்சா ஒரு வெள்ளீய ஆக்சைடு வில்லை செய்திருந்தார். வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு மட்டும், வாயுவே இல்லாமல் அதன் மீட்டர் முள் எகிறியது. இன்றும் வெள்ளிதான்; நான்கு மணிக்கு இயக்குநர் வருகிறார். அப்போதும் எகிறினால் ஆராய்ச்சி நிறுத்தம்.

“அக்கா, ஒங்க சாம்பிராணிதான் காரணம். இன்னைக்குப் போடாதீக.”

அறையைக் கூட்டும் பொன்னுத்தாயி போடவில்லை. இரண்டு மணிக்கு அமீர் உள்ளே வந்ததும் முள் எகிறியது.

“இப்ப என்னா சொல்றீக?”

“வில்லையே மோசம். தூக்கிப் போட வேண்டியதுதான்.”

“செத்த வெளிய போங்க, சார்.”

போனார். முள் மெல்ல இறங்கியது. வந்தார், ஏறியது.

“ஜும்மா தொழப் போகையில என்னத்தப் பூசுறீக?”

“பினாங்குலருந்து மச்சான் அனுப்புன சென்ட்டு...”

“மோந்து பாக்கத்தான அதச் செஞ்சீக? மோந்துருச்சு!”

அமீர் பதப்படுத்திய கொட்டாங்குச்சிக் கரித்தூளைச் சல்லாத்துணியில் பொதிந்து வில்லைக்கு மூடியாகப் போட்டார். நான்கு மணிக்கு, இயக்குநர் பார்க்க, பக்கத்திலேயே நின்றார். முள் அசையவில்லை. அடுப்புக் குழாயைத் திறந்ததும் ஏறியது. கரி சென்ட் ஆவியைப் பிடித்துக்கொண்டு, எரிவாயுவை மட்டும் உள்ளே விட்டது.