நாலு பக்கிள்

வாசலில் நின்று வலது கால் செருப்பைக் கழற்றினான் ஃப்ரெடி. இடது காலில் இருந்ததைக் கழற்ற முடியவில்லை.

அது செருப்பு இல்லை. முழங்கால் வரைக்கும் ஏறி நிற்கிற கிளிப்பச்சை பூட்ஸ். சேறு, மணல், கரடுமுரடு என்று பார்க்காமல் பைக் ஓட்டுகிறவர்கள் போடுவது. வரிசையாக நாலு பக்கிள்.

ராயபுரத்தில் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைகளில் இப்படி ஒருவன் வந்ததாக யாருக்கும் நினைவில்லை.

பெண்ணின் அப்பா ஜார்ஜ், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். நகை வேண்டாம், சொந்த வீடு வேண்டாம். அவர் போட்டது ஒரே ஒரு நிபந்தனை. மாப்பிள்ளை பைக் ஓட்டக் கூடாது.

குடிக்கிறவனைக்கூட எப்படியாவது திருத்திவிடலாம், எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பைக் ஓட்டுகிறவனைப் பெட்டியில் வைத்துத்தான் வீட்டுக்குக் கொண்டு வருவார்கள் என்பது அவர் கட்சி.

பைக்கை விற்றுவிட்டேன் என்று மாதா மேல் சத்தியம் செய்திருந்தான் ஃப்ரெடி. விற்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை பைக் க்ளப்பில் எல்லோரும் மணலில் ஓட்டப் போகிறார்கள், அவனும் போகிறான். அதற்குத்தான் பூட்ஸ்.

பெண் ஆன்சியைப் போட்டோவில் பார்த்த அரை நிமிடத்தில் அவனுக்குப் பிடித்துப்போனது. பூட்ஸ்தான் மூன்று வாரமாகத் தேடியும் பிடித்தபாடில்லை.

க்ளப்பில் பதினோரு பேர். பதினோரு பேரும் கணுக்காலைப் பற்றித்தான் பேசுவார்கள். மெத்தென்று இருந்தால் கணுக்கால் திரும்பிவிடும் என்றான் ஒருவன். திரும்பாமல் இறுக்கிப் பிடிக்கிற பூட்ஸில் கியர் போட வராது என்றான் இன்னொருவன். தகடு வேண்டும், தகடு கூடாது, அடியில் ஆணி மாதிரி பல் வேண்டும், வேண்டவே வேண்டாம். இதில் ஒருத்தனுக்கும் இதுவரை கணுக்காலில் சுளுக்குகூட வந்ததில்லை.

பெண் வீட்டுக்கு இரண்டு தெரு முன்னால் இருந்தது முபாஷிர் பாயின் ரைடிங் சாமான் கடை. இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறதே, சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று நுழைந்தான்.

கியர் போடுகிற கால் என்பதால் இடதை முதலில் போட்டுப் பார்த்தான். கடை முகப்பில் இரண்டு வருடமாகத் தொங்கிய ஜோடி அது. கடல் காற்றில் பக்கிளெல்லாம் உப்புப் பூத்திருந்தது. நாலும் அழகாகப் பூட்டிக்கொண்டன. ஒன்றுகூடத் திறக்கவில்லை.

எண்ணெய் விட்டார்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினார்கள். இரண்டு பேர் பிடித்து இழுத்ததில் ஃப்ரெடிதான் நாற்காலியோடு நகர்ந்தான்.

“இதான் நைனா சேஃப்டியே. நூறுல வுயுந்தாலும் கால வுட்டுப் போவாது” என்றார் பாய் பெருமையாக.

அறுத்து எடுக்கலாம். அறுத்தால் பூட்ஸின் விலை இருபத்தெட்டாயிரத்தைக் கட்ட வேண்டும். நேரமும் ஆகிவிட்டது. பைக்கைக் கடையிலேயே அடகு மாதிரி விட்டுவிட்டு, ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் பூட்ஸுமாக இரண்டு தெருவையும் டொக் டொக்கென்று நடந்து வந்து சேர்ந்தான்.

முன்னாடியே வந்து உள்ளே உட்கார்ந்திருந்த அவன் அக்கா ஜானட், தம்பியின் காலைப் பார்த்ததும் கைப்பையில் இருந்து ஜெபமாலையை எடுத்தாள்.

வேலை பார்க்கிற யார்டில் பலகை விழுந்து கணுக்கால் எலும்பு விரிசல் விட்டுவிட்டது, டாக்டர் போட்ட கட்டு இது என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தான் ஃப்ரெடி.

பெண்ணின் அம்மா சிலுவையம்மாள் பதறிப்போய் நாற்காலி போட்டாள். காலுக்குத் தலையணை வைத்தாள். தனியார் ஆஸ்பத்திரி என்றால் மாவுக்கட்டைக்கூடக் கலரில் போடுகிறார்கள் என்று வியந்தாள்.

ஜார்ஜுக்கு அவன்மேல் மதிப்பு கூடிவிட்டது. “பாத்தியா, பைக்க வுட்ட புள்ளைக்கே இப்டி ஆவுது. ஓட்டிகினு இருந்தா இன்னா ஆயிருக்கும்?”

அப்பாடா என்று சாய்ந்து உட்கார்ந்த பிறகுதான் ஃப்ரெடிக்கு அது ஞாபகம் வந்தது. ஆன்சிக்கு எலும்பு ஆஸ்பத்திரியில் வேலை. எக்ஸ்ரே எடுப்பவள். உடைந்த காலைத் தினமும் முப்பது பார்க்கிறவள்.

கதவுத் திரையை விலக்கிக்கொண்டு அவள் வந்தாள். போட்டோவில் இருந்ததைவிட அழகாக இருந்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. நேராகப் பூட்ஸைத்தான் பார்த்தாள்.

“கொஞ்சம் பாக்கட்டா?” என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் அவன் காலடியில் உட்கார்ந்தாள்.

ஃப்ரெடி தலையணையில் இருந்த காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தான். மாதா மேல் செய்த சத்தியம், யார்டில் விழாத பலகை எல்லாம் இப்போது ஒன்றாக வெளியே வரப் போகிறது. இந்தப் பெண் இனி தனக்கு இல்லை என்று நினைத்தான்.

ஆன்சி பூட்ஸின் மேல் இருந்த எழுத்தைப் படித்தாள். நுனியை அமுக்கிப் பார்த்தாள். பிறகு மேல் பக்கிளில் கட்டை விரலைக் கொடுத்து ஏதோ செய்தாள்.

டக்கென்று திறந்துகொண்டது.

கடையில் இரண்டு பேர் முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டிய பக்கிள். ஃப்ரெடி வாயைத் திறந்தான். அவள் குனிந்த தலை நிமிராமல், அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி முணுமுணுத்தாள்.

“மேல தூக்கிகினு உள்ள அமுக்கணும். என்னுதும் இப்டித்தான் மக்கர் பண்ணிச்சு. இத்த வாங்காதீங்க, பழவேற்காட்டு மணல்ல எறங்கி வண்டியத் தள்ள சொல்லோ நடக்கவே வுடாது.”

பிறகு அந்தப் பக்கிளைப் பழையபடி பூட்டினாள். புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்து அப்பாவைப் பார்த்தாள்.

“நல்லாவே வுட்டுகீதுப்பா. எலும்பு ஒண்ணு சேர ஒரு மாசம் ஆவும். அதுக்குள்ள மாதா கோயில்ல கல்யாண ஓலைய வாசிக்கச் சொல்லிடுங்க.”