ஒட்டிக்கொண்ட மச்சம்

மாப்பிள்ளை வீட்டார் வர அரைமணி நேரம் இருக்கும்போது அம்மா கையில் மைக்குச்சியோடு வந்து நின்றாள்.

"கன்னத்தக் காட்டுடி, மச்சம் வைக்கணும்."

தர்ஷினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அது அவளுடைய மச்சமே அல்ல, பெரியப்பா மகள் மிருதுளாவுடையது. இப்போதெல்லாம் கைபேசியில் எந்தப் படமும் சும்மா கிடப்பதில்லை. படத்தின் ஒவ்வொரு நிறப்புள்ளியும் சுற்றியிருக்கும் புள்ளிகளை, பக்கத்துப் படத்தின் புள்ளிகளையும்கூடப் பார்த்துத் தானும் அப்படியே மாறிக்கொள்கிறது. அது தெரிந்துதான் அம்மா கறுத்த மகளின் படத்தைச் சிவத்த மிருதுளாவின் படத்தோடு ஒட்டிவைத்தாள். நாலே நாளில் மகள் படத்தில் வெளுத்தாள். கூடவே மச்சமும் வந்து தொலைத்தது. அந்தப் படம்தான் பத்து நாளாகக் கல்யாண இணையதளத்தில், மாப்பிள்ளை படத்துக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது.

"மூஞ்சி பூரா மாவு அப்பியாச்சு. இது வேறயாம்மா?"

"படத்துல இருக்கிற பொண்ணத்தானடி அவங்க பாக்க வர்றாங்க!"

காபித் தட்டோடு கூடத்துக்கு வந்தவளைப் பார்த்ததும் மாப்பிள்ளையின் அம்மாவுக்கு வாயெல்லாம் பல்.

"என்ன பொருத்தம் பாருங்க! ரெண்டு பேருக்கும் ஒரே இடத்துல மச்சம்!"

தர்ஷினி நிமிர்ந்து பார்த்தாள். மாப்பிள்ளையின் கன்னத்து மச்சம் வேர்வையில் கரைந்து தாடை வரை வழிந்துகொண்டிருந்தது. அவன் அதை விரலால் வழித்துவிட்டு, அதே விரல்களால் கேசரியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, அவளைப் பார்த்துச் சிரித்தான்.